விரல் காட்டாத பிஞ்சு

ரிக் வண்டிக்காரர் தெருவின் ஆண்களெல்லாம் வடநாட்டில் பூமியைத் துளைத்துக்கொண்டிருக்க, பெண்களெல்லாம் குடத்தோடு லாரித் தண்ணீருக்குக் காத்துக்கொண்டிருந்த ஒரு சித்திரை மாதத்தில், வழிதவறிய கோடைமழை ஒன்று அந்தப் பக்கம் கொட்டிவிட்டுப் போனதனால், பூங்கோதை தன் வீட்டுப் பொடக்காணியில் காய்கறி போடுவதென்று முடிவுகட்டினாள். வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல்லும் உடைந்த சிமெண்டுத் தொட்டியும் வெயிலைத் தின்றுகொண்டு கிடந்த அந்த இடத்தில் அதுவரை முளைத்திருந்தது கொடிக்கம்பி ஒன்றுதான். அவள் புருஷன் லோகநாதன் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு ஊர் ஊராய்ப் போய் ஆயிரம் அடி இறக்கி ஊராருக்குத் தண்ணீர் எடுத்துக்கொடுக்கிறவன்; அவன் வீட்டுப் போர்க்கிணற்றில் மட்டும் புழுதி வந்தது, மேலும் இறக்கினால் வெண்ணிறப் புழுதி வந்தது.

“சரளைப் பூமியில என்ன புள்ள முளைக்கும்?” என்று போனில் சிரித்தான், பின்னால் ரிக் உறுமிக்கொண்டிருக்க.

“நீங்க பாறையில தண்ணி தேடறீங்க. நான் சரளையில வெண்டைக்கா தேடறேன். ரெண்டும் ஒரே பொழப்புதானுங்க” என்றாள் கோதை.

கடப்பாரையால் சரளையைக் கிளறினாள். குட்டையில் வற்றிப்போன பக்கம் வண்டலை வழித்துத் தலைச்சுமையாய்க் கொண்டுவந்து கொட்டினாள். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் வீணாய்ப் போகாமல் ஒரு வாய்க்கால் கிழித்துவிட்டாள். அம்மா வீட்டுச் சுவரில் சாணி வறட்டியோடு ஒட்டிக் காய்ந்திருந்த பூசணி விதையையும், சாம்பலில் புரட்டி வைத்திருந்த பீர்க்கை, அவரை, கத்தரி விதைகளையும் முந்தானையில் முடிந்துவந்து, ஈரம் பார்த்து ஊன்றினாள். இதெல்லாம் நடக்கும்போது அவள் மகள் தாரிகா துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் விரல் நீட்டி, “ம்?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

தாரிகாவுக்கு மூன்று வயதாகப்போகிறது. ஒரு சொல் வரவில்லை. காது நன்றாகக் கேட்கிறது, வரும்போது வரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதுவரைக்கும் அந்த ஆள்காட்டி விரல்தான் அவளுக்கு வாய். காக்காயைக் காட்டி “ம்?” என்பாள், “அது காக்கா கண்ணு” என்பாள் கோதை. பசித்தால் சோற்றுப் பானையைக் காட்டுவாள், தூக்கம் வந்தால் தொட்டில் கயிற்றைக் காட்டுவாள், அப்பா நினைப்பு வந்தால் ஆணியில் தொங்கும் அவன் பழைய சட்டையைக் காட்டுவாள். ஒரு நாளில் நூறு தரம் கேட்டாலும் நூறு தரமும் கோதை பதில் சொல்வாள். சோற்றை வடித்துக்கொண்டே, துணியைப் பிழிந்துகொண்டே, ஒரு தடவைகூட முகம் சுளிக்காமல்.

அந்த ஊர்ப்பக்கம் நடக்கத் தெரிந்த எந்தக் குழந்தைக்கும் முதலில் சொல்லிக்கொடுப்பது ஒன்று உண்டு. பிஞ்சை நேர்விரலால் காட்டக்கூடாது, காட்டினால் அழுகிப்போகும். காட்டியே ஆகவேண்டுமென்றால் விரலை மடக்கி முட்டியால் காட்ட வேண்டும். கோதைக்கும் அது தெரியும். மகளுக்கு மட்டும் அவள் சொல்லிக்கொடுக்கவில்லை.

“மடக்கச் சொல்லிப் பழக்கு புள்ள, நாளைக்குப் பிஞ்சு நிக்காது” என்று கைப்பிடிச் சுவருக்கு அந்தப்பக்கம் இருந்து எச்சரித்தாள் பக்கத்து வீட்டு மைலாத்தாள். கோதைக்குப் பிரசவ வலி வந்த அன்று லோகநாதன் எந்த மாநிலத்தில் இருந்தானோ, மைலாதான் அவளை ஆட்டோவில் ஏற்றி மடியில் தலையைத் தாங்கிக் கூட்டிப்போனவள். அதனால் அதட்டுகிற உரிமை அவளுக்கு உண்டு.

“அவ காட்டறதே எனக்குப் பெருசுங்க்கா. மடக்கச் சொன்னா வாயப் பொத்தற மாதிரி இருக்குதுங்க.”

“போடி இவளே. பூசணிக்காய் அழுகுனா எங்கிட்ட வந்து மூக்கச் சிந்தாத.”

விதை முளைத்த காலையில் அது நடந்தது. வண்டலைத் தலையால் முட்டிக்கொண்டு பீர்க்கை இரண்டு இலை விட்டிருந்தது. தாரிகா குந்தி உட்கார்ந்து, விரலை நீட்டி, “ம்?” என்றாள். “அது பீர்க்கங்கொடி கண்ணு” என்று கோதை சொல்லி முடிப்பதற்குள் கொடி எழுந்து, பக்கத்தில் சாத்தியிருந்த விளக்குமாற்றைச் சுற்றிக்கொண்டு, கைப்பிடிச் சுவர் ஏறி, மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்து, பூவை உதிர்த்து, பிஞ்சு பிடித்து, முழ நீளத்துக்குக் காயைத் தொங்கவிட்டு நின்றது. கோதைக்கு முதலில் தோன்றியது, பந்தல் போடவில்லையே என்பதுதான். தென்னங்கயிறு தேடி ஓடினாள். மதியம் பீர்க்கங்காய்க் கூட்டு வைத்து மைலா வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தாள். பறிக்காமல் விட்ட காய்கள் பொழுது சாய்வதற்குள் முற்றி, நார் பாய்ந்து, கருத்து அழுகின. ஊர் சொல்லிவந்தது பொய்யில்லை, காட்டியது அழுகத்தான் செய்கிறது. காட்டுவதற்கும் அழுகுவதற்கும் நடுவில் இருந்ததைத்தான் இதுவரை யாரும் சொல்லவில்லை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

தெரு அதைச் சீக்கிரமே பழகிக்கொண்டது. ரேஷன் கடை திறக்கிற நாள், தண்ணீர் லாரி வருகிற நேரம் என்பதைப் போலத் தாரிகா விரல் நீட்டுகிற நேரம் என்றும் ஒன்று வந்தது. குழந்தை இட்டிலி தின்று முடித்த பிறகுதான் வரவேண்டும், மதியத் தூக்கத்தில் யாரும் கதவைத் தட்டக்கூடாது, காய்த்ததில் ஒரு கை கோதைக்கு என்று பெண்களே முறை வைத்தார்கள். பெயிண்ட் டப்பாவில் தக்காளி நாற்றோடும் உடைந்த குடத்தில் மிளகாய் நாற்றோடும் வரிசையில் நின்றார்கள். மாவு புளிக்காத வீட்டுக்காரி போசியோடு ஓடிவந்து, விரல் நீண்டதும் பொங்கி வழிகிற மாவைத் தாங்கிக்கொண்டு திரும்ப ஓடினாள். தயிருக்கு உறை மோர் இரவல் கேட்பது அந்தத் தெருவில் நின்றுபோனது. ஒருத்தி தினசரிக் காலண்டரைக் கொண்டுவந்து நீட்டினாள், நாள் சீக்கிரம் பழுத்தால் ரிக் வண்டி சீக்கிரம் ஊர் திரும்புமாம். தாரிகா காட்டியதும் தாளெல்லாம் ஆடி பதினெட்டு வரைக்கும் சடசடவென்று உதிர்ந்தன. ஆனால் எந்த வண்டியும் வரவில்லை. அந்த வீட்டில் மட்டும் ஆடிவரைக்கும் நல்ல நேரம் பார்க்க வழியில்லாமல் போனது.

“உன்ற மகளுக்கு வந்த விரலப் பாரு. கலெக்டரு கையெழுத்துக்குக்கூட இத்தன கூட்டம் நிக்காது” என்றாள் மைலா, கத்தரிக்காயை மடியில் கட்டிக்கொண்டே.

“கலெக்டரு மூக்க யாரும் தொடைக்க வேண்டியதில்லீங்க்கா. எனக்கு அந்த வேல ஒண்ணு சேத்தி” என்றாள் கோதை. சிரித்தாள்தான். ஆனால் சிரிப்புக்கு அடியில் ஏதோ ஒன்று நெருடத் தொடங்கியிருந்தது.

முதல் நெருடல் கன்றுக்குட்டியால் வந்தது. தெருமுனையில் மாடு வைத்திருந்தவள் கிடேரிக் கன்றைப் பிடித்துவந்து காட்டச் சொன்னாள். கன்று அங்கேயே மாடானது. கொம்பும் மடியும் திமிலுமாய் நின்ற அந்த மாடு, தன் உடம்பைத் தானே புதிதாய்ப் பார்ப்பதுபோல ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பால் மறக்காத கன்றைப்போல அம்மாவைத் தேடிக் கத்தியது. அது சினைக்கு நிற்கவேயில்லை. இரண்டாவது நெருடல் விதையால் வந்தது. அடுத்த பட்டத்துக்கு விதைக்கென்று ஒரு பீர்க்கையை, நார் பாய்ந்ததும் அழுகுமுன் பறித்து, வெயிலில் தொங்கவிட்டிருந்தாள் கோதை. காய்ந்ததும் காதருகே ஆட்டிப் பார்த்தாள். நல்ல விதைக்காய் உள்ளே கலகலவென்று பேசும், இது பேசவில்லை. உடைத்துப் பார்த்தால் விதையெல்லாம் வெள்ளை வெளேரென்று பொக்கு. பூசணியும் பொக்கு. அவரையும் பொக்கு. வாழாத நாட்களைத் தாண்டி வந்ததற்கு உள்ளே வைக்க ஒன்றும் இருப்பதில்லை என்று அவளுக்குப் புரிந்தபோது, உடைத்த காயை அப்படியே போட்டுவிட்டு மகளைத் தேடி வீட்டுக்குள் ஓடினாள்.

அன்றிலிருந்து அவள் விளையாட்டை நிறுத்தினாள். குளிக்க வைக்கும்போது “மூக்கு எங்க? காது எங்க? பாப்பா எங்க?” என்று கேட்பதும், தாரிகா ஒவ்வொன்றாய்த் தொட்டுக் காட்டிக் கெக்கலிப்பதும் அவர்கள் வீட்டு வழக்கம். தொட்டுக் காட்டியதில் இதுவரை ஒன்றும் ஆகவில்லை, ஒருநாள் தொடாமல் விரலை நீட்டிவிட்டால் என்ன ஆகும் என்று இனி எதையும் கேட்பதில்லை. பீரோக் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். வீட்டுக்கு வருகிறவர்கள் குழந்தையைப் பார்த்ததும் “அம்மா எங்க?” என்று கேட்பார்களே, அதைக் கேட்க வேண்டாமென்று வாசலிலேயே கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னாள். முட்டியை மடக்கவும் பழக்கிப் பார்த்தாள், தாமதமாகிவிட்டது. தாரிகா மடக்கிய விரலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மறுபடி நீட்டிக்கொண்டாள். வேறு வழி தெரியாமல் பழைய மூங்கில் கூடை ஒன்றை எடுத்து, பொடக்காணி மூலையில் அம்மா வீட்டு விதையில் மிச்சமிருந்த ஒரே ஒரு பீர்க்கை விதையை ஊன்றி, அதன்மேல் கவிழ்த்து வைத்தாள். மகள் தூங்குகிற மதியத்தில் மட்டும் கூடையைத் தூக்கித் தண்ணீர் ஊற்றுவாள். அது ஒன்றாவது தன் நாளை எடுத்துக்கொண்டு வளரட்டும் என்றிருந்தது அவளுக்கு.

வைகாசிக் கடைசியில் மைலா வந்தாள். நாற்றோ மாவோ கொண்டுவரவில்லை. வெறுங்கையோடு வந்து துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள்.

மைலாளின் மாமனாரைத் தெருக் குழந்தைகளெல்லாம் அப்பாரு என்றுதான் கூப்பிடும். இடுப்பொடிந்து வருஷக் கணக்காகப் படுக்கையில் கிடந்தார். அவரைக் குளிப்பாட்டுவது, புரட்டிப் போடுவது, துணி அலசுவது எல்லாம் மைலா. அவள் புருஷன் ரிக்கோடு போனவன்தான். “தண்ணீ... தண்ணீ...” என்கிற அவர் குரல் சுவர் தாண்டிக் கேட்டுக் கேட்டு, தெருவுக்கு அது குயில் சத்தம்போல ஆகியிருந்தது.

“ஒரே ஒருக்கா புள்ள” என்றாள் மைலா. “புள்ளைய எடுத்துட்டு வா. அவருக்கும் விடிவு. எனக்கும் விடிவு.”

கோதைக்குப் புரிந்தது. புரியாததுபோல இருக்க முயன்றாள். முடியவில்லை.

“அவரு என்ன பிஞ்சாங்க்கா?”

“பழுத்துத் தொங்குது, உழுகமாட்டேங்குது. நாலு வருசமா நான் ஒரு கண்ணாலத்துக்குப் போனனா? பொறந்தவன் வீட்டுக்கு ஒரு ராத்திரி போய்ப் படுத்தனா? என்ற கையைப் பாரு.” நீட்டினாள். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறித் தோலுரிந்த கை. “நான் கெட்டவ இல்ல கோதை. அசந்துபோனவ.”

“தெரியுங்க்கா. நான் வந்து தொணைக்கு நிக்கறேன். துணி நான் அலசறேன். நீங்க ஒரு வாரம் போயி இருந்துட்டு வாங்க.”

“ஒரு வாரம் கழிச்சு?”

கோதை பேச்சை மகள் பக்கம் திருப்பினாள்: “அவளுக்கு ஒரு நாளைக்குப் பேச்சு வருமுங்க்கா. வந்ததும் எல்லாத்தையும் கேப்பா. அன்னிக்கு அந்தப் பெரியவர என்ன பண்ணுனேன்னு எங்கிட்ட கேட்டா, நான் என்னத்த சொல்ல?”

மைலா எழுந்து முந்தானையை உதறிக்கொண்டாள். “மடியில வெச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன் உன்னய” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். சுவருக்கு மேலே இருந்து வந்துகொண்டிருந்த பேச்சு அதோடு நின்றது. கோதை கூட்டு வைத்துக் கொடுத்தனுப்பிய கிண்ணம் தொடாமல் திரும்பி வந்தது. வரிசையில் நின்ற பெண்களும் ஒரு தினுசாய்ப் பார்த்தார்கள். மாவுக்குக் காட்டலாம், மனுசியின் கஷ்டத்துக்குக் காட்டக்கூடாதாக்கும் என்று யாரோ சொன்னது அவள் காதில் விழும்படியே சொல்லப்பட்டது. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருந்தது, அதுதான் அவளை அரித்தது. மாவுக்குக் காட்ட விட்டவள் அவள்தானே.

தண்ணீர் லாரி வந்த ஒரு முற்பகலில், வரிசையில் குடத்தை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் தாரிகா பக்கத்தில் இல்லை. மண்ணில் ஒரு கடலை உருண்டையின் தூள் சிந்திக்கிடந்தது. அது போன திசையில் மைலாளின் கதவு ஒருக்களித்திருந்தது. கோதை குடத்தைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

உள்ளே இருட்டுக்குக் கண் பழகுமுன் குரல்தான் கேட்டது. தேன் தடவியதுபோல, அழுகையை அடக்கிக்கொண்டு, மைலா கேட்டுக்கொண்டிருந்தாள்: “அப்பாரு எங்க சாமி? எங்க, அப்பாருவக் காட்டு பாக்கலாம்.”

கட்டிலில் பெரியவர் முழித்துக்கொண்டுதான் இருந்தார். எல்லாம் தெரிந்த கண். வேண்டுமென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. பயந்துபோய் அந்தச் சின்ன விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கையில் கடலை உருண்டையோடு தாரிகா மறுகையைத் தூக்கினாள். தனக்குத் தெரிந்த ஒரே பேச்சை யாரோ கேட்கிறார்கள் என்கிற சந்தோஷம் அந்த முகத்தில். விரல் நீண்டபோது கோதை நடுவில் வந்து நின்றாள்.

தாரிகா அம்மாவைப் பார்த்ததும் சிரித்து, “ம்?” என்றாள்.

பீர்க்கங்கொடி சுவர் ஏறியதுபோலத்தான் அதுவும் நடந்தது. காற்றில்லாத வீட்டில் அவள் தலைமயிர் அசைந்து, நெற்றியிலிருந்து பின்னோக்கி வெளுத்துக்கொண்டே போனது. கழுத்தில் தோல் தளர்ந்தது. முழங்காலில் ஒரு பாரம் வந்து உட்கார்ந்தது. ரவிக்கை தோளிலிருந்து சரிந்தது. எல்லாம் நின்றபோது மைலாளைவிட மூத்த ஒருத்தி, மைலாளின் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். மைலா சுவரோடு சரிந்து உட்கார்ந்து வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள்.

பெரியவர்தான் முதலில் பேசினார். “மைலா” என்றார். “தண்ணீ... அந்தப் புள்ளைக்குக் குடு.”

தாரிகா நீட்டிய விரலைத் திருப்பிப் பார்த்தாள். அம்மா இருந்த இடத்தில் நிற்கும் கிழவியைப் பார்த்தாள். கதவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், வாசலில் என்று அம்மாவைத் தேடிவிட்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு ஓ வென்று அழுதாள்.

தெரு இதையும் பழகிக்கொண்டது, ஆனால் சீக்கிரமாக இல்லை. முதல் சிக்கல், அவளை என்னவென்று கூப்பிடுவது என்பதாக இருந்தது. மறுநாள் காலை சுவருக்கு மேலே மைலாளின் தலை தெரிந்து, “ஏ புள்...” என்று ஆரம்பித்து நின்றுபோனது. பிறகு, “துணி எல்லாம் நான் அலசிப் போட்டர்றனுங்க்கா” என்றாள். மைலா தன்னை அக்கா என்றதைக் கேட்டதும் கோதை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். சின்னப் பிள்ளைகள் ஆத்தா என்றன. பெரியவர் மட்டும் இன்னும் புள்ளை என்றே கூப்பிட்டார். ரேஷன் கடை மெசின் முகத்தைக் கண்டுகொள்ளாமல் கட்டைவிரலை மட்டும் ஒப்புக்கொண்டது. யாரும் இனி மாவைக் கொண்டுவரவில்லை. தயிருக்கு மறுபடி உறை மோர் இரவல் கேட்டார்கள்.

லோகநாதனிடம் எத்தனை நாள்தான் படம் வராத போனில் பேசுவது? ஒரு மாலை அவன் வீடியோவில் கூப்பிட்டான், எடுத்துவிட்டாள்.

“யாருங்க? கோதை இல்லீங்ளா?”

“நான்தானுங்க.”

அவன் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து பார்த்தான். அவள் நடந்ததைச் சொன்னாள், வெண்டைக்காய் விலை சொல்வதுபோல, ஒன்றையும் விடாமல். அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு, “சாப்டீங்ளா?” என்றான்.

கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளை வா போ என்றே பேசியவன். போனை வைத்த பிறகு, தான் வாழாத வருஷங்கள் எங்கே போய்க் கொட்டிக்கிடக்கும் என்று யோசித்தபடி கோதை அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை வெள்ளை முடிக்கும் ஒரு தீபாவளி இல்லை, ஒரு சண்டை இல்லை, மகள் பள்ளிக்கூடம் போன ஒரு காலை இல்லை. விதைக்காயை ஆட்டிப் பார்ப்பதுபோலத் தலையை ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள்.

தாரிகா மைலாளின் இடுப்பிலிருந்து இறங்க மறுத்தாள். மைலா ஊட்டினால்தான் தின்றாள். கைகளை முதுகுக்குப் பின்னாலேயே வைத்திருந்தாள்; எதையும் காட்டவில்லை, “ம்?” கேட்கவில்லை. பசித்தால் அழுதாள், அவ்வளவுதான். கோதைக்கு வெள்ளை முடியைவிட, தளர்ந்த முழங்காலைவிட, அந்த மறைத்த கைதான் தாங்க முடியவில்லை. “சாமி, காட்டு கண்ணு, எதையாச்சும் காட்டு. என்னயவே காட்டு” என்று ஒருநாள் கெஞ்சியும்விட்டாள். மைலா அழுதுகொண்டே உள்ளே போனாள்.

ஆனி பிறந்து காற்றடிக்கத் தொடங்கியிருந்தது. ஒரு காலை, கோதை முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குந்தி, பொடக்காணி மூலையில் கவிழ்த்த கூடையைத் தூக்கினாள். இத்தனை நாள் அவள் தண்ணீர் ஊற்றவும் மறந்து போயிருந்த கொடி, மூங்கில் சந்துகளில் விழுந்த துளி வெளிச்சத்தைக் குடித்து, வளைந்து நெளிந்து, வெளிறிய இலைகளோடு கூடைக்குள்ளேயே சுருண்டு வளர்ந்திருந்தது. ஒரு இடுக்கு வழியே வெளியே எட்டிப் பூத்த பூவின் அடியில், சுண்டுவிரல் அளவுக்கு ஒரு பிஞ்சு. பச்சைமேல் மெல்லிய பூனைமுடி.

முதுகுக்குப் பின்னால் மூச்சு கேட்டது. மகள் மைலாளின் இடுப்பிலிருந்து இறங்கி வந்திருக்கிறாள் என்று திரும்பாமலே தெரிந்தது. மைலா சுவருக்கு அந்தப்பக்கம் அசையாமல் நின்றிருந்தாள்.

தாரிகா பக்கத்தில் வந்து குந்தினாள். பிஞ்சைப் பார்த்தாள். வலது கை முதுகுக்குப் பின்னாலிருந்து கொஞ்சம் கொஞ்சமாய் வெளியே வந்தது. கோதை கூடையைக் கவிழ்க்கவில்லை. கையைப் பிடித்துத் தடுக்கவுமில்லை. விரல் நீளப்போனது. பாதியில் நின்றது. பிறகு, நத்தை ஓட்டுக்குள் போவதுபோல மடங்கியது. மடக்கிய முட்டியைப் பிஞ்சுக்கு நேரே வைத்து, மிக மெதுவாக, “ம்?” என்றாள்.

“அது பீர்க்கம்பிஞ்சு கண்ணு” என்றாள் கோதை. குரல் கரகரத்தது, சொன்ன விதம் பழையதுதான்.

இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிஞ்சு பிஞ்சாகவே இருந்தது. காற்று அதை ஆட்டியது, அவ்வளவுதான்.

தாரிகா அந்தப் பதிலைச் சொன்ன வாயைப் பார்த்தாள். நூறு தரம் கேட்டாலும் நூறு தரமும் சொல்கிற வாய். மடக்கிய விரலை அப்படியே கொண்டுவந்து கோதையின் சுருங்கிய கன்னத்தில் வைத்து, அழுத்தி, “ம்?” என்று கேட்டாள்.

“இது அம்மா.”

தாரிகா மறுபடி பிஞ்சைக் காட்டினாள், கோதை சொன்னாள். மறுபடி கன்னத்தைக் காட்டினாள். சொன்னாள். சுவருக்கு அந்தப்பக்கம் பெரியவர் தண்ணீர் கேட்டார், மைலா நகரவில்லை. பிஞ்சு, அம்மா, பிஞ்சு, அம்மா என்று வெயில் ஏறும்வரை குழந்தை கேட்டுக்கொண்டேயிருந்தது. சோறு வடிக்க நேரமாகிவிட்டதென்று எழுந்தபோது, முழங்கால் வலியில் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, கோதை மூங்கில் கூடையைக் காலால் ஓரமாய்த் தள்ளிவிட்டாள். பிஞ்சின்மேல் அதை மறுபடி கவிழ்க்கவில்லை.